நாலாவது துப்பாக்கி

மாலை வெயிலில் மலைக்கோட்டை மஞ்சளாகிக்கொண்டிருக்கிறது. மதராஸிலிருந்து பார்சலில் வந்த நாலாவது காற்றுத் துப்பாக்கியால் ரஹீம் அண்ணன் மொட்டைமாடிச் சுவரிலிருக்கும் தீப்பெட்டியைச் சுடுகிறான். பெட்டி தெறித்து விழுகிறது. அவன் முகம் மலரவில்லை. “அல்லாவே, இருக்கிறது ரெண்டு கை. இன்னும் எத்தனை துப்பாக்கிடா வாங்குவே?” என்கிறாள் வடகம் அள்ளும் அம்மா. “வாங்குறப்ப இதுதான்னு தோணுதும்மா. சுட்டதும், வேற ஒண்ணு எங்கயோ இருக்குன்னு தோணுது.” சுவரோரம் சாய்த்திருந்த பழைய துப்பாக்கி ஒன்றை என்னிடம் நீட்டுகிறான். “ஆரிஃபா, உள்ளே வெச்சிரு.” மாடிப்படியின் நிழலில் நின்று அதை என் தோளில் பொருத்துகிறேன். கட்டையில் அண்ணனின் தலையெண்ணெய் மணக்கிறது. படிக்கட்டுச் சன்னலுக்கு வெளியே, போன வருஷம் என்னை நிறுத்தும்வரை நான் படித்த பள்ளிக்கூடம். அதன் மணியைக் குறிபார்க்கிறேன். ஒரு குண்டு இருந்தால் அது ஒலிக்கும். “வெச்சிட்டியாடி?” என்று அம்மா குரல் கொடுக்கிறாள். “வெச்சிட்டேம்மா” என்கிறேன், கன்னத்தைக் கட்டையிலிருந்து எடுக்காமல்.