பதினேழாவது சீட்டு

நாட்டின் எதிர்காலம், பண்பாட்டின் தலைவிதி, குடும்ப அமைப்பின் மானம் ஆகிய மூன்றும், அன்று மாலை நாலே முக்கால் மணி நிலவரப்படி, ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில், அரக்கு வைத்த பழுப்பு உறை ஒன்றுக்குள் அடைபட்டுக் கிடந்தன என்பதைச் சகலருக்கும் தெரிவித்துக்கொள்கிறோம்.

உறைக்கு இந்தப் பக்கம் சட்டசபை உறுப்பினர் ஒழுக்கச் செம்மல் உட்கார்ந்திருந்தார். அந்தப் பட்டத்தை யார் கொடுத்தார்கள் என்பது போஸ்டர் அச்சடித்தவருக்கே தெரியாது. மூன்றாவது முறையாக நிற்கிறார். பக்கத்தில் மனைவி, வாயைக் கையால் மறைத்தபடி. கொட்டாவியா சிரிப்பா என்பதுதான் அவருக்குப் பிடிபடவில்லை.

மறு எண்ணிக்கையிலும் அதே கதை. செம்மலுக்கு ஒன்பதாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு ஓட்டு. எதிர்த்து நின்ற பல் டாக்டரம்மாவுக்கும் அதே ஒன்பதாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு. டாக்டரம்மா எதிரே பிஸ்கட்டைக் கடித்தபடி, பழக்கதோஷத்தில் இவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"செல்லாத ஓட்டையும் பிரிச்சுப் பார்க்கணும்," என்றார் செம்மல்.

"அப்படீன்னா எழுதிக் கொடுங்க சார்," என்று தேர்தல் அதிகாரி ஒரு படிவத்தை நீட்டினார்.

செம்மல் பேனாவைத் திறந்தார். கையெழுத்து, அடியில் தேதி, அதற்கடியில் ஒரு கோடு. அந்த நேரம் பார்த்து டீ கொண்டுவந்த அம்மாள் மேசையில் ஒரு துண்டுச் சீட்டை வைத்தார். அதிலும் சரக்கென்று ஒரு கையெழுத்து விழுந்தது.

"ஐயா, அது டீ டோக்கன். கிழிச்சுக் கொடுத்தாப் போதும்."

"எதையும் முறைப்படி செய்யணும்மா."

பத்திரப்பதிவு அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடம் நாற்காலியைத் தேய்த்துவிட்டு அரசியலுக்கு வந்தவர் அவர். முறை என்பது அவருக்கு மூச்சு மாதிரி.

உறை பிரிந்தது. அதிகாரி ஒவ்வொன்றாகப் புரட்டினார். "பதினேழு சீட்டு சார். பதினாறுல ஒண்ணுமே இல்லை, இல்லேன்னா ரெண்டு பேருக்கும் குறி. பதினேழாவதுல குறி உங்களுக்குத்தான்."

செம்மல் எழுந்தே விட்டார். "அப்போ நான் ஜெயிச்சாச்சு! போட்டோக்காரனைக் கூப்பிடுங்கய்யா!"

"இல்லை சார். குறிக்குக் கீழே என்னவோ எழுதியிருக்கு. முன்னெல்லாம் பரவாயில்லைன்னு எண்ணிடுவோம். குறியைத் தவிர ஒரு புள்ளி இருந்தாலும் செல்லாதுன்னு போன வருஷம் நீங்கதானே சட்டம் கொண்டுவந்தீங்க. இனிமே குலுக்கல்தான்."

செம்மல் உட்கார்ந்தார். 'ஒரு குறியை ஒழுங்காகப் போடத் தெரியாதவனுக்கு ஓட்டு ஒரு கேடா?' என்று சட்டசபையில் நாற்பது நிமிடம் முழங்கியது நினைவுக்கு வந்தது. மேசையைக் குத்தியதில் தண்ணீர்த் தம்ளர் உருண்டதும் நினைவுக்கு வந்தது.

"எந்தப் பெட்டியில இருந்தது?"

"உங்க தெருப் பெட்டி சார்."

செம்மல் மெல்லத் தலையைத் திருப்பி மனைவியைப் பார்த்தார்.

வேலைக்குப் போகட்டுமா என்று அவள் கேட்டது ஆறு மாதத்துக்கு முன்பு. 'பெண்ணுக்கு வீடே கோட்டை' என்று அன்று மாலையே மேடையில், மைக்கில், ஊருக்கே கேட்கப் பதில் சொன்னார். அன்றிலிருந்து சாப்பாட்டில் உப்பு சரியாகத்தான் இருக்கிறது, பேச்சில்தான் இல்லை. ஓட்டுப்போட்ட அன்று மறைப்புக்குப் பின்னால் அவள் ரொம்ப நேரம் நின்றாள். வெளியே வரும்போது முகத்தில் இதே கொட்டாவி, அல்லது சிரிப்பு.

"நீதானா?" என்றார் பல்லைக் கடித்தபடி. டாக்டரம்மா தொழில் அக்கறையோடு நிமிர்ந்து பார்த்தார்.

"என்னது நான்தானா?"

"சீட்டுல கிறுக்கினது."

"நான் உங்களுக்கு எழுத நினைச்சதெல்லாம் அந்தச் சின்னச் சீட்டுல கொள்ளாதுங்க."

"கேட்டீங்களா? ஒத்துக்கறா! சொந்த வீட்டுக்குள்ளேயே எதிர்க்கட்சி!" செம்மலின் குரல் மேடை அளவுக்கு ஏறியது. "எழுத்தை வச்சே கள்ளப் பத்திரம் பிடிச்சவன் நான். அந்தச் சீட்டை எல்லாருக்கும் முன்னாடி காட்டுங்க!"

அதிகாரி சீட்டை ஒருமுறை உற்றுப் பார்த்தார். பிறகு அவசரமாகக் கவிழ்த்து வைத்தார். "வேண்டாம் சார். இது உறையிலேயே இருக்கட்டும். குலுக்கல்ல பார்த்துக்கலாம்."

"யாரைக் காப்பாத்தறீங்க?" இவனும் அவளும் கூட்டோ என்று செம்மலுக்கு ஒரு கணம் தோன்றியது. நேற்று அவளுக்கு நாற்காலி இழுத்துப் போட்டவன்கூட இவன்தானே!

"காட்டிடுங்களேன்," என்றார் டாக்டரம்மா, பிஸ்கட் தூளைத் தட்டிவிட்டபடி. "ஒரு நிமிஷம்தான் வலிக்கும்."

"பத்திரிகைக்காரங்களையும் உள்ளே விடுங்க! என் காலை வாரின துரோகி யாருன்னு ஊருக்கே தெரியட்டும்!"

கதவு திறந்தது. கேமராக்கள் நுழைந்தன. அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, திரும்ப மாட்டி, இனி தள்ளிப்போட வழியில்லை என்று ஆனபின் சீட்டை வெளிச்சத்துக்குத் திருப்பினார்.

மனைவி எட்டிப் பார்த்தாள். கையை வாயிலிருந்து எடுத்தாள். சிரிப்புதான்.

"உங்க கையெழுத்துங்க. தேதிகூடப் போட்டிருக்கீங்க."