இரண்டாவது துளி

ஒரே ஒரு துளிதான் சிந்தியது.

ஈரலைச் சுற்றி உப்புநீரில் நனைத்த துணிகளை அடுக்கியிருந்தார்கள். அத்தனை துணிகளுக்கு நடுவே விரற்கடை அளவு இடைவெளி. ஈரலில் இருந்த நீர்ப்பையைக் குத்திய ஊசி நுனியிலிருந்து நழுவிய துளி சரியாக அங்கே போய் விழுந்தது.

ஊற்றுநீர் போலத் தெளிந்த நீர். அந்தத் தெளிவுதான் அறுவை மருத்துவர் உல்ஜானுக்கு எப்போதும் குமட்டும். சீழாக இருந்தால்கூடச் சகித்துக்கொள்வாள்.

மேசையில் கிடந்தவர் ஜூமாலி. மலைமேல் ஆடு மேய்ப்பவர். ஆடு அறுத்தால், கொப்புளம் பிடித்த ஈரலை நாய்க்கு வீசுவார். நாயின் குடலில் வளரும் புழுவின் முட்டை அதன் நாக்கு வழியாக அவருடைய கிண்ணத்துக்கு வரும். கிண்ணத்திலிருந்து அவருடைய ஈரலுக்குப் போய் நீர்ப்பையாக வளரும்.

"கிண்ணம் கழுவ எதுக்கு டாக்டரம்மா தண்ணி? அதான் நாய் நக்கிடுதே!" காலையில் சிரித்தபடி சொன்னார். முன்பு ஒருமுறை அவர் வயிற்றை அறுத்ததற்கான சீட்டைக் கேட்டதற்கு, அதையும் நாய் தின்றுவிட்டது என்றார்.

அவருடைய சிரிப்பைப் பார்க்கப் பிடிக்காமல் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"பிரஷர் விழுது டாக்டர்," என்றான் மயக்க மருந்து கொடுக்கும் ஏர்மெக். "அறுபது. நாற்பது."

ஜூமாலியின் மார்பு திட்டுத்திட்டாகச் சிவந்து தடித்தது. உதடுகள் உப்பின. காற்றைத் தள்ளும் இயந்திரம் முக்கி முனகியது. உள்ளே மூச்சுக்குழாய் இறுகிக்கொண்டிருந்தது.

அந்தத் துளி விஷமல்ல. அவருடைய உடம்பே அவரைக் கொன்றுகொண்டிருந்தது.

முதல் முறை சிந்தும்போது உடம்பு கூச்சல் போடாது. வந்தவனின் முகத்தைக் குறித்துக்கொண்டு வருடக்கணக்கில் காத்திருக்கும். அடுத்த முறை ஒரு துளி போதும். திருடனைப் பிடிக்கிறேன் என்று வீட்டையே கொளுத்திவிடும்.

ஏர்மெக் அட்ரினலினை ஏற்றினான். "மலையெல்லாம் ஏறுவீங்களே பெரியவரே, இதுலயும் கொஞ்சம் ஏறுங்க," என்று கெஞ்சினான்.

உல்ஜான் கைகளை அசைக்காமல் நின்றாள். கண் மட்டும் அலைந்தது.

வயிற்றில் பழைய தழும்பு. அதற்கு நேர் கீழே, உள்ளே, தோலுரித்த திராட்சைகள் போல வரிசையாகச் சின்னச் சின்னப் பைகள். அன்றைக்கு அறுத்த ஆள் சிந்தியிருக்கிறான். சிந்தியதைத் துடைக்காமல் மூடியிருக்கிறான். அதிலிருந்து முளைத்தவை இவை. உடம்பு முகத்தைக் குறித்துக்கொண்டதும் அன்றைக்குத்தான்.

தையல் தடங்கள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தன.

"எந்தக் கசாப்புக்காரன் கை இது?" நாய் நக்கிய கிண்ணத்தைவிட அந்தக் கை அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

செவிலி சோனுன் குனிந்து ஊசிகளை எண்ணத் தொடங்கினாள். பதினோரு வருடமாக உல்ஜானோடு நிற்பவள். எதற்கும் ஒரு பதில் வைத்திருப்பவள்.

எழுபது. தொண்ணூறு. நூற்றுப்பத்து.

இயந்திரம் முக்குவதை நிறுத்தியது. ஏர்மெக் சுவரில் சாய்ந்து கண்களை மூடிக்கொண்டான்.

உல்ஜான் பைகளை ஒவ்வொன்றாக எடுத்தாள். உப்புநீரால் மூன்று முறை கழுவினாள். பிறகு வயிற்றை மூடத் தொடங்கினாள். புதிய தையல் பழைய தழும்பை ஒட்டியே இறங்கியது.

பாதியில் அவள் கை நின்றது.

இரண்டு வரிசைகளும் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தன.

அவள் சோனுனை நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்ப நீங்க வேலைக்குப் புதுசு டாக்டர்," என்றாள் சோனுன், முகமூடிக்குள்ளிருந்து, வேறு யாருக்கும் கேட்காதபடி.

பிறகு, நூல் கோத்த அடுத்த ஊசியை எப்போதும் போல உல்ஜானின் இடது கையில் வைத்தாள்.