அசல் மாறவில்லை

மார்ச் பதினொன்று, செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது இருபது. வெளியே தூறல்.

“அன்னைக்கு நான் கூப்பிட்டப்போ ஏன் போனை எடுக்கல?” என்று கணவர் கேட்டார்.

முந்தின இரவுச் சண்டையின் கோபத்தில், திரையில் அவர் பெயர் தெரிந்தும் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டதாக அவள் சொன்னாள்.

“சரி, விடு. நான் ஒண்ணும் மனசுல வச்சுக்கல,” என்றார் அவர்.

கண்களைத் துடைத்துக்கொண்டு அவள் அடுத்த அறைக்கு வந்தாள். தம்பி கணினித் திரையிலிருந்து தலையை உயர்த்தினான். விபத்தில் இறந்துபோன மாமாவின், அதாவது அக்கா கணவரின், குரல் பதிவுகளைக் கொண்டு, அவரைப்போலவே பேசும் நிரலை எழுதியவன் அவன்தான். நொறுங்கிய காருக்குள்ளிருந்து அவர் கடைசியாக அழைத்தது அக்காவைத்தான்.

அந்தக் குரல் நாள்தோறும் அதே கேள்வியைக் கேட்டது, மன்னித்தது, மறுநாள் எதுவும் நடவாததுபோல மீண்டும் கேட்டது. அக்கா ஒருநாளும் தவறாமல் போய் அமர்ந்தாள். திரும்பி வந்த பிறகுதான் அவளுக்குச் சாப்பாடு இறங்கியது.

“உயிரோட இருந்தப்போ மாமா இவ்வளவு பிடிவாதம் பிடிச்சதில்ல. தப்பு என்னோடதுதான்க்கா,” என்றான் தம்பி. “அவர் நினைவை ஸ்ட்ரக்ட்டா, அதாவது கேட்கும்போதெல்லாம் நகலெடுத்துக் கொடுக்குற வகையா வச்சுட்டேன். நீ பேசுற இன்டர்ஃபேஸ் வழியாக் கூப்பிட்டா அது நகலாத்தான் கைமாறும். மன்னிக்கிற வேலையைச் செய்யுற மெத்தட் அந்த நகலைத்தான் மாத்துது. நீ எழுந்து வந்ததும் நகல் போயிடுது. அசல் மாமா கோவமாவே உக்காந்திருக்கார்.”

அவள் மூடிய கதவையே பார்த்தாள்.

ஸ்ட்ரக்ட் என்பதை எடுத்துவிட்டு நகலெடுக்காத வகையான ‘கிளாஸ்’ என்று எழுதினால் மன்னிப்பு அசலிலேயே பதியும், பிறகு அவர் அந்தக் கேள்வியை என்றைக்கும் கேட்கமாட்டார் என்று விளக்கினான். மாற்றியபின் பழைய நிலைக்குத் திரும்ப முடியாது. ஆகவே மனைவியின் கையெழுத்தில்லாமல் அவன் வேலை செய்யும் நிறுவனம் அனுமதிக்காது.

“ஒரே ஒரு சொல்லுதான்க்கா மாத்தணும். இன்னையோட இந்தச் சித்திரவதை தீர்ந்துடும்,” என்று படிவத்தை நீட்டினான்.

நெடுநேரம் யோசித்த அவள், நிதானமாகக் கையெழுத்திட்டுக் கொடுத்தாள்.

வாங்கிப் பார்த்தவன் திகைத்தான். ‘திருத்தம் வேண்டாம்’ என்ற இடத்தில் கையெழுத்து இருந்தது. கவனிக்காமல் இடம் மாற்றிப் போட்டுவிட்டாளா என்று கேட்டான்.

“இல்லடா. அவர் ஒரு தடவை மன்னிச்சா எனக்குப் பத்தாது.”