ரெஸ்ட் எடுங்க

"ரெஸ்ட் எடுங்கன்னு ஒரு வார்த்தையை வீசிட்டுப் போனீங்களே, எதுவரைக்கும்னு சொன்னீங்களா?" என்று வாசலில் கிடந்த செருப்பு, எங்கேயோ இருந்த டாக்டரைத் திட்டித் தீர்த்தது.

மாரடைப்பில் பிழைத்து வந்த மாசிலாமணி, அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு சாய்வு நாற்காலியை விட்டு எழவே இல்லை. இப்போது சாய்ந்தபடி பேசினாலே மூச்சு வாங்கியது.

"அவரை விடுடி. கொஞ்சம் நடந்தா நெஞ்சு தேறும்" என்று நாற்காலியிடம் சொன்னது செருப்பு.

நாற்காலி மெல்லச் சிரித்தது. "நானா பிடிச்சு வச்சிருக்கேன்? எது அவர் கை, எது என் கைன்னு நீயே பிரிச்சுச் சொல்லு."

செருப்பு உற்றுப் பார்த்தது. பிரிக்க முடியவில்லை.

அன்று மாலை, காலே இல்லாமல் நடந்து வந்து டாக்டர் அறைக்குள் நின்றது அந்தச் செருப்பு.

"நடங்கன்னு நீங்க சொன்னாத்தான் அவர் எழுந்திருப்பார். வாங்க, நீங்க குடுத்த ரெஸ்ட்டை நீங்களே வந்து எடுங்க."