கடைசி முறுக்கு

முதலில், டீ நேரத்தில் ஐந்து நிமிடத்தைப் பிடுங்கினார். இரண்டாவது, மழைக்கோட்டு கேட்டவர்களிடம், "நனைஞ்சா கரைஞ்சிடுவீங்களா?" என்றார். மூன்றாவது, சங்கத்தின் அறிவிப்புப் பலகையைக் கழற்றிக் கழிப்பறைச் சுவரில் மாட்டினார். நான்காவது, ஜீப்பின் பின்பக்கம் 'டொக் டொக்' என்று சத்தம் வருவதாக டிரைவரம்மா மூன்று முறை எழுதிக் கொடுத்தும், ஷாக் அப்சார்பரை மாற்றச் சொல்லிவிட்டுக் கை கழுவினார்.

ஐந்தாவது, "ஆறு பேரை ஏத்திக்கிட்டு இந்தச் சத்தத்தோட மலைப்பாதையில போக மாட்டேன்" என்று சாவியைத் திருப்பிக் கொடுத்த அந்த அம்மாவுக்கே வேலைநீக்க நோட்டீஸ் கொடுத்தார்.

எங்கள் சூப்பர்வைசர். நாங்கள் வைத்த பெயர் வாஷர். சுற்றி இரும்பு, நடுவில் ஓட்டை.

அந்த ஷெட்டில் இருபத்தாறு வருடமாக நான் மெக்கானிக். பத்தொன்பது வருடமாகச் சங்கச் செயலாளர். விசாரணைக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து அதிகாரி வந்த அன்று, "பேச்சு அப்புறம் சார், முதல்ல வண்டியைப் பாருங்க" என்றேன்.

ஜீப்பின் பின்முனையில் ஏறிக் குதித்தேன். சத்தமில்லை.

"ஷாக் அப்சார்பர் இல்ல சார். அதை மாத்தினதே தண்டம்."

"மெதுவா அண்ணே. உடைஞ்சா அதுக்கும் எனக்குத்தான் நோட்டீஸ்" என்றார் டிரைவரம்மா. வாட்ச்மேன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

ஒரு பக்கச் சக்கரத்தை மட்டும் வேகத்தடையில் ஏற்றி இறக்கச் சொன்னேன். ஏறும்போது ஒன்றுமில்லை. இறங்கும்போது, டொக்.

ஜீப்பை ஜாக்கியில் தூக்கினேன். பின்சக்கரங்கள் தொங்கின. ஸ்பிரிங் பட்டையின் முனையில், போல்ட்டைச் சுற்றியிருக்கும் ரப்பர் புஷ்ஷை அதிகாரிக்குக் காட்டினேன்.

"இப்ப ரப்பர் நேரா இருக்கா? பார்த்துக்கிட்டே இருங்க."

இறக்கினேன். பாரம் ஏற ஏற ரப்பர் திருகிக்கொண்டது. கிழிந்த இடம் வாயைப் பிளந்தது.

"இது தேய்ஞ்ச புஷ் இல்ல சார், கிழிச்ச புஷ். பட்டை மாத்தினா, வண்டியைத் தரையில இறக்கி, அது பாரம் தாங்கி நிக்கிறப்பதான் போல்ட்டுக்குக் கடைசி முறுக்குக் கொடுக்கணும். எவனோ சக்கரம் தொங்கும்போதே முறுக்கிட்டு ஓடியிருக்கான். எங்க அவ்வளவு அவசரமோ!"

அதிகாரி நிமிர்ந்தார். "அப்ப இந்த அம்மா சொன்னது நிஜம்."

"நிஜந்தான் சார்" என்றார் சூப்பர்வைசர். "நோட்டீஸை வாபஸ் வாங்கிக்கறேன்."

டிரைவரம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "போதும்ணே. இது போதும்."

எனக்குப் போதவில்லை.

"பட்டை மாத்தினது என்னிக்கு?"

ஸ்டோர்காரர் நோட்டைப் புரட்டித் தேதி சொன்னார். எங்கள் ஊர்வல நாள். பன்னிரண்டு மணிக்கு ஒரு மெக்கானிக் பாக்கியில்லாமல் வெளியேறினோம். கொடி பிடித்து முன்னால் நடந்தவன் நான். ஷெட்டில் மிச்சமிருந்தது வாஷர் ஒருவர்தான். 'நீங்க இல்லாட்டி என்ன, நானே ஸ்பேனர் பிடிச்சேன்' என்று மறுநாள் பீற்றிக்கொண்டதும் அவர்தான்.

"அந்த ஜாப் கார்டை எடுங்க. வேலை முடிச்சவர் பேர் அதுல இருக்கும்" என்றேன்.

சூப்பர்வைசர் அலமாரியில் தேடி எடுத்தார். பார்த்தார். இரண்டாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

என் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார். "கொஞ்சம் வெளிய வாங்க. தனியாப் பேசிக்கலாம்."

"தனியாப் பேசிப் பேசித்தான் இங்க எல்லாம் கெட்டுப்போச்சு. பேசறதை நாலு பேர் முன்னாடி பேசுங்க."

"வேண்டாம். சொன்னாக் கேளுங்க."

"அஞ்சு அநியாயம் பார்த்தாச்சு சார். ஆறாவதா இதை மூடி மறைக்க விடமாட்டேன்."

ஒரு தாளை எடுத்து எழுதினேன். துண்டறிக்கை எழுதிப் பழகிய கை, நிற்கவில்லை. 'இந்தப் போல்ட்டை முறுக்கியவர் எவராயினும், எப்பதவியில் இருப்பினும், இன்றே பணியிலிருந்து நிறுத்தப்பட வேண்டும்.' ஸ்டோர்காரரும் வாட்ச்மேனும் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள். அதிகாரி ஒரு முறைக்கு இரண்டு முறை படித்துவிட்டு, 'ஏற்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

சூப்பர்வைசரிடம் கையை நீட்டினேன். பெருமூச்சு விட்டுக் கார்டைக் கொடுத்தார். அதைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் டிரைவரம்மாவிடம் நீட்டினேன்.

"பழி உங்க மேலதானே விழுந்துச்சு? நீங்களே படிங்க."

அவர் பிரித்தார். கண் மேலிருந்து கீழே போனது. என்னைப் பார்த்தார். கார்டை மடித்தார்.

"அண்ணே... கண்ணாடி எடுத்துட்டு வரலை."

"மூக்கு மேல இருக்கே, அது என்ன? பெரிய இடம்னு பயப்படாதீங்கம்மா. கேட் வரைக்கும் கேக்கணும். படிங்க."

"வேண்டாம்ணே."

"படிங்கன்னு சொல்றேன்ல?"

டிரைவரம்மா தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"பின் ஸ்பிரிங் பட்டை மாற்றியது. முடித்த நேரம், காலை பதினொன்று ஐம்பது. முடித்தவர்..."

அப்புறம், நான் சொன்னபடியே, கேட் வரைக்கும் கேட்கும் குரலில், இனிஷியலோடு என் பெயரைப் படித்தார்.