நாற்பது கூறு

காவேரியைக் கையும் குடமுமாகப் பிடித்துவிட்டாள் ஜெயகுமாரி.

விடிந்தும் விடியாத நேரம். காவேரி தன் வீட்டுப் பானையில் வடிகட்டிய தண்ணீரைக் குடத்தில் ஊற்றி, இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலைத் தாண்டி நடந்தாள். சும்மா கொடுத்த பானையில் வடிகட்டிய தண்ணீரை விற்கக் கிளம்பிவிட்டாளோ என்று ஜெயகுமாரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வராதா பின்னே? சேலத்தில் ஒரு கல்லூரியில் விரிவுரையாளர் அவள். இந்தத் தண்ணீர்த் திட்டத்தை ஏற்காட்டு மலையில் இருக்கும் செம்மநத்தத்துக்குக் கொண்டுவர இரண்டு வருஷம் நாயாய் அலைந்திருக்கிறாள். ஏற்காடு பஸ்ஸுக்கு இருபது கொண்டை ஊசி வளைவு என்றால் அரசாங்க ஃபைலுக்கு அதைவிட அதிகம். கல்லூரியும் ஊர்க்காரர்களும் சேர்ந்து ஊருக்கு வேண்டியதை ஆராய்ந்தால் பணம் தருகிறோம் என்றது அரசாங்கம்.

ஊருக்கு வேண்டியது நல்ல தண்ணீர். வருஷா வருஷம் காப்பிப் பழம் அலசிய கழிவு ஓடையில் கலக்கும். மார்கழி, தை வந்தால் பிள்ளைகளுக்கு வயிற்றால் போகும். மணலும் கரியும் அடுக்கி, தண்ணீரை வடிகட்டும் பானை ஒன்றை ஜெயகுமாரி செய்து காட்டினாள்.

ஊரில் நாற்பது வீடு. சீட்டுக் குலுக்கி இருபது வீட்டுக்கு மட்டும் பானை கொடுத்தார்கள். மற்ற இருபது வீடும் எப்போதும்போல ஓடைத் தண்ணீரையே குடிக்க வேண்டும், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக. வித்தியாசம் தெரிந்தால் அடுத்த வருஷம் எல்லோருக்கும் பானை, பக்கத்து ஊர்களுக்கும் சேர்த்து. இதைச் சொன்னபோது ஊர் ஒன்றும் பேசாமல் தலையை ஆட்டியது.

நான்கு மாதம் கழித்துப் பார்த்தால் பானை உள்ள பக்கமும் இல்லாத பக்கமும் ஒரே மாதிரி. இரண்டிலும் ஒன்றிரண்டு பிள்ளைகளுக்குத்தான் வயிற்றுப்போக்கு. இன்றைக்கு மெட்ராஸிலிருந்து அதிகாரி வருகிறார். பானையை யாரும் தொடவே இல்லையோ என்று சந்தேகப்பட்ட ஜெயகுமாரி, முந்தின நாளே வந்து நர்ஸ் அற்புதத்தின் வீட்டில் தங்கிவிட்டாள்.

குடத்தோடு போன காவேரி எதிர் வரிசையில் செங்கோடன் வீட்டுக்குள் நுழைந்து, அங்கிருந்த தவலையில் தண்ணீரை ஊற்றினாள். அது சீட்டு விழாத வீடு.

"என்ன காவேரி இது?"

காவேரி பயப்படவில்லை. "தண்ணிங்க, டீச்சரம்மா" என்றாள்.

துருவிக் கேட்டதில் எல்லாம் வெளியே வந்தது. சீட்டுப் போட்ட அன்று சாயங்காலமே பானை கிடைத்த இருபது பெண்களும் கூடிப் பேசி, ஆளுக்கு ஒரு வீடு எடுத்துக்கொண்டார்களாம். அன்றிலிருந்து தினம் ஒரு குடம் தவறவில்லை.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? இப்ப ஆராய்ச்சியே போச்சே."

"சொன்னா நீங்க வேண்டாம்பீங்க. ஒரு ஆடு வெட்டுனாலும் நாப்பது கூறு போடற ஊருங்க இது. தண்ணிய மட்டும் இருபது கூறு போட்டா, எதுத்த ஊட்டுப் பிள்ளை மூஞ்சியில எப்படிங்க முழிக்கறது?"

ஜெயகுமாரிக்கு அழுகையும் வந்தது, தன்மேலேயே கோபமும் வந்தது. ஊர் தலையை ஆட்டியதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டது யார் தப்பு? ஆனாலும் விடுவதாக இல்லை அவள். நர்ஸ் அற்புதத்தின் பழைய நோட்டை வாங்கிப் புரட்டினாள். போன வருஷம் தை மாதத்தில் மட்டும் முப்பத்தெட்டுப் பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்குக்கு வைத்தியம் பார்த்ததாக எழுதியிருந்தது. இந்தத் தையில் நான்கே பேர். ஊர் அதே ஊர், ஓடையும் அதே ஓடை.

பதினொரு மணிக்கு அதிகாரி வந்தார். பள்ளிக்கூடத்துத் தாழ்வாரத்தில் நாற்காலி போட்டார்கள். பெண்கள் சுற்றி நின்றார்கள். ஜெயகுமாரி எதையும் மறைக்காமல், குடம் நடந்த கதை முழுவதையும் சொன்னாள்.

அதிகாரி பொறுமையாகத்தான் கேட்டார். பிறகு தலையை ஆட்டினார்.

"நீங்க சொல்றது எல்லாம் சரிம்மா. ஆனா நாங்க பணம் கொடுத்தது ரெண்டு பக்கத்தையும் ஒப்பிடறதுக்கு. ரெண்டும் ஒரே மாதிரி இருக்கு. ஓடைத் தண்ணியும் பானைத் தண்ணியும் ஒண்ணுதான்னு எழுதறதைத் தவிர எனக்கு வேற வழியில்லை."

ஜெயகுமாரி நர்ஸின் நோட்டை நீட்டினாள். அதற்குப் படிவத்தில் இடமில்லை என்றார். மறுபடியும் நீட்டினாள். மேலிடத்தில் ஒப்புக்கொள்ள மாட்டார்கள் என்றார். மூன்றாம் தடவை நீட்டியபோது ஃபைலை மூடிக் கட்டிவிட்டு எழுந்துவிட்டார். அவள் நீட்டிய கையை மடக்கவில்லை.

ஒரு மணி நேரம் பேசியதில் அதிகாரிக்குத் தொண்டை வறண்டுபோயிற்று. கொஞ்சம் தண்ணீர் கேட்டார். காவேரி ஓடிப் போய் ஒரு சொம்பு நிறையக் கொண்டுவந்தாள்.

வாய் வரைக்கும் கொண்டுபோனவர் நிறுத்தினார். சொம்புக்குள் எட்டிப் பார்த்தார்.

"இது பானையில வடிகட்டின தண்ணிதானே?"

இருபது பெண்களும் அவரையே பார்த்தார்கள்.

"ஏனுங்க சார், ரெண்டும் ஒண்ணுதான்னு இப்பத்தானுங்களே சொன்னீங்க?" என்றாள் காவேரி.

அதிகாரி சொம்பைப் பார்த்தார். இன்னும் நோட்டை நீட்டிக்கொண்டு நிற்கும் ஜெயகுமாரியைப் பார்த்தார். மெதுவாக உட்கார்ந்து ஃபைலின் கட்டை அவிழ்த்துவிட்டு, நோட்டுக்குக் கையை நீட்டினார்.

"பயப்படாமக் குடிங்க" என்றாள் காவேரி. "பானைத் தண்ணிதானுங்க. எங்க ஊருக்கு வந்தவங்களுக்கும் ஒரு கூறு உண்டுங்க."