மகன் பெயரில் ஒரு மீன்

ஆய்வகத்து ஜன்னல் வெளிச்சத்தில் அந்த அம்மாள் கண்ணாடிக் குப்பியைத் தூக்கிப் பிடித்துப் பார்க்கிறாள். உள்ளே, ஸ்பிரிட்டில் வெளுத்துப்போன விரல் நீள ஆற்றுமீன் ஒன்று கிடக்கிறது. அதைத் தனியாகப் போய்ப் பிடித்த அன்றே இங்கே ஆய்வு மாணவனாக இருந்த அவள் மகனை வெள்ளம் கொண்டுபோய்விட்டது. கரையில் கிடைத்த அவன் பையில் இந்தக் குப்பி மட்டும் உடையாமல் இருந்தது. "புது இனம்மா. அறிவியல் பேர்ல ரெண்டாவது சொல் உங்க பையன் பேருதான். கடைசியில ஒரு 'இ' சேர்த்திருக்கோம். லத்தீன்ல, அவனோட மீன்னு அர்த்தம்" என்கிறார் ஆய்வாளர். லேபிளை அவள் கட்டைவிரல் மெல்லத் தடவுகிறது. "உயிரோட இருந்தப்ப இது என்ன நிறம்ப்பா?" அதை உயிரோடு பார்த்தவன் அவன் ஒருவன்தான். "தெரியலம்மா" என்கிறார். கண்ணாடியில்தான் ஏதோ அழுக்கு என்பதுபோல, அவள் குப்பியைத் துடைத்துத் துடைத்துப் பார்க்கிறாள்.